கல் போலத் தெரியும் காகிதம்: 19-ஆம் நூற்றாண்டு மாளிகை விதானங்களை எப்படிச் செய்தார்கள்?

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் நடுவே வட்டமான ஒரு வாசிப்பு அறை இருக்கிறது. 1857-இல் திறக்கப்பட்டது. கார்ல் மார்க்ஸ் வருடக்கணக்கில் உட்கார்ந்து படித்த இடம். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தால், சுமார் 140 அடி விட்டமுள்ள ஒரு பெரிய கவிகை மாடம் தலைக்கு மேல் விரிந்து நிற்கும். வான நீலம், பாலேட்டு வெள்ளை, விளிம்பெல்லாம் தங்க ரேக்கு. ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலை மனத்தில் வைத்துத்தான் அதை வரைந்தார்கள். பாந்தியன் கனமான கட்டுமானம் என்பதால், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வார்.

ஆனால் நம் கண்ணில் படும் அந்த நீலப் பரப்பு காகிதக்கூழ். கொலு பொம்மை செய்கிற அதே வகைப் பொருள். முக்கால் அங்குலம்கூடக் கனமில்லாத அந்தக் கூழ்த் தகடுகள், மேலேயுள்ள வார்ப்பிரும்புச் சட்டகத்திலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்குகின்றன.

முதன்முதலில் இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஏமாற்றமாக இல்லை, மலைப்பாகத்தான் இருந்தது. அந்த நூற்றாண்டின் ஆடம்பர அறைகளைப் படத்திலோ நேரிலோ பார்க்கும்போது நாம் பூவையும் கொடியையும்தான் பார்க்கிறோம். அவ்வளவும் கீழே விழாமல் எப்படி நிற்கிறது என்று கேட்பதில்லை. சுவர் நிற்கிறது, விதானம் தொங்குகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், அந்தக் கைவேலையில் மற்ற எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

விதானம் என்ற சொல்லே இதற்குப் பொருத்தமானது. இன்று சீலிங் என்று சொல்லிவிடுகிறோம். விதானம் என்றால் பழைய வழக்கில் மேலே விரித்துக் கட்டும் துணி, மேற்கட்டி. அதுவும் தொங்கும் பொருள்தான்.

பிதுங்கிப் பிடிக்கும் சாந்து

முதலில் எளிமையான, சமதளமான ஒரு விதானத்தை எடுத்துக்கொள்வோம். 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் ஒரு மாடி வீடு. மேல்மாடித் தரையைத் தாங்கும் மர உத்தரங்கள் ஓரடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் வரிசையாக ஓடும். அவற்றின் அடிப்பக்கத்தில், குறுக்காக, மெல்லிய மரப்பட்டைகளை ஆணியடித்துப் பொருத்துவார்கள். ஓட்டு வீட்டுக்கு நாம் ரீப்பர் அடிக்கிறோமே, அதைவிட மெலிதானவை. சுமார் ஓர் அங்குல அகலம், கால் அங்குல கனம். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே ஒரு பென்சில் நுழையும் அளவுக்குச் சந்து விடுவார்கள்.

அந்தச் சந்துதான் முக்கியம். கொத்தனார் சாரத்தில் நின்று, தலைக்கு மேலே கரணையால் சாந்தை அழுத்திப் பூசும்போது, அது சந்துகளின் வழியே பிதுங்கி மேலே போகும். போய், பட்டையின் முதுகில் காளான் குடை மாதிரி மடங்கிப் படியும். காய்ந்து இறுகியதும் அது ஒரு கொக்கி. ஓர் அறைக்கு இப்படி ஆயிரக்கணக்கான கொக்கிகள். ஆங்கிலேயக் கொத்தனார்கள் இதைச் சாவி என்பார்கள். முழு விதானமும் இந்தச் சாவிகளைப் பற்றிக்கொண்டுதான் தொங்குகிறது. கீழே இருப்பவர் ஒருவருக்கும் இது தெரியாது. மேல்மாடிப் பலகையைப் பெயர்த்தால்தான் தெரியும்.

சாந்து என்றால் சுண்ணாம்பும் மணலும், கூடவே மாட்டு முடி அல்லது ஆட்டு முடி. நம் ஊரில் சுண்ணாம்புச் சாந்துக்குக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்தார்கள். அங்கே முடி சேர்த்தார்கள். சாந்து ஈரமாகத் தொங்கும் நேரத்தில் அறுந்து விழாமலும், காயும்போது வெடிக்காமலும் முடி அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்று பூச்சு. முதல் பூச்சைக் கீறிவிட்டு உலரவிடுவார்கள், இரண்டாவது மட்டம் பார்ப்பதற்கு, மூன்றாவது வழவழப்புக்கு. சுண்ணாம்பு மெதுவாகத்தான் இறுகும். பூச்சுக்குப் பூச்சு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்தப் பொறுமைதான் பின்னால் பெரிய சிக்கலாகப் போகிறது.

சுண்ணாம்பு வேலையில் நம்மவர்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பளிங்கு போல மின்னிய மெட்ராஸ் பூச்சைப் பார்த்து வியந்த ஆங்கிலேயர்கள், சுண்ணம் என்ற சொல்லையே ‘சுனம்’ என்று தங்கள் மொழிக்குள் எடுத்துக்கொண்டார்கள்.

சுவரும் விதானமும் சேரும் இடம்

இனி அலங்காரத்துக்கு வருவோம். அறையின் நான்கு பக்கமும், சுவர் முடிந்து விதானம் தொடங்கும் மூலையில், படிப்படியாக வளைந்தும் மடிந்தும் ஓடும் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். கார்னிஸ் என்று நம் மேஸ்திரிகளும் சொல்கிறார்கள். அழகுக்கு மட்டும் வைத்தது இல்லை அது. சுவரும் விதானமும் வெவ்வேறு விதமாக அசைபவை. அவை சேரும் கோட்டில் விரிசல் விழுந்தே தீரும். அந்தக் கோட்டை மறைப்பது கார்னிஸின் முதல் வேலை. கூடவே நிழலையும் உண்டாக்கும். நேரான சுவர் திடீரென்று முட்டி நிற்காமல், கண் மெல்ல மேலே ஏறிப் போகும்.

இதைச் செதுக்குவதில்லை, வார்ப்பதும் இல்லை. இழுக்கிறார்கள். எனக்கு இந்த வேலை முழுவதிலும் பிடித்த கட்டம் இதுதான்.

கார்னிஸின் குறுக்குவெட்டு எப்படி இருக்க வேண்டுமோ, அதன் நேர் எதிர் வடிவத்தை ஒரு துத்தநாகத் தகட்டில் வெட்டுவார்கள். மேடு வர வேண்டிய இடத்தில் தகட்டில் பள்ளம், பள்ளம் வர வேண்டிய இடத்தில் மேடு. தகட்டை ஒரு மரச் சட்டத்தில் பொருத்துவார்கள். அதற்குக் குதிரை என்று பெயர். சுவரில் ஒரு நேரான மரக் கட்டையை அடித்து, அதன் மேல் குதிரையை வைத்துத் தள்ளினால், தண்டவாளத்தில் போவது போல நேராகப் போகும். ஒருவர் சுண்ணாம்புக் களியில், தண்ணீர் பட்டால் சில நிமிடங்களில் இறுகிவிடும் ஜிப்சம் மாவைக் கலந்து மூலையில் அப்பிக்கொண்டே போக, இன்னொருவர் குதிரையைத் தள்ளிக்கொண்டு வருவார். முதல் தடவை கரடுமுரடாக ஒரு கோடு. மறுபடி அப்பி, மறுபடி தள்ள, வடிவம் கொஞ்சம் தெரியும். பத்துப் பன்னிரண்டு தடவை போய் வந்ததும், 20 அடி நீளத்துக்குக் கத்தி முனை போன்ற விளிம்புகளோடு முழுக் கார்னிஸும் நிற்கும். ஜிப்சம் இறுகத் தொடங்கிவிட்டால் திரும்ப வழியில்லை. அதனால் இருவரும் ஒருவர் கையை ஒருவர் அறிந்தவர்களாக இருக்க வேண்டும்.

சரி, அறையின் மூலைக்குள் குதிரை எப்படிப் போகும்? போகாது. சுவரில் முட்டி நின்றுவிடும். கடைசி அரையடியைக் கையால்தான் முடிக்க வேண்டும். ஒரு எஃகு அளவுகோலும், இலை போன்ற சிறிய கரணையும் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்துக் கோடுகளையும் மூலையில் ஒன்றோடொன்று சேர்ப்பார்கள். மூலையைப் பார்த்தால் கொத்தனாரின் கைத்திறன் தெரிந்துவிடும்.

கார்னிஸ் பெரிதாக இருந்தால் அத்தனையையும் சாந்தால் நிரப்ப மாட்டார்கள். எடை தாங்காது. முதலில் மரத்தால் தாங்கிகள் வைத்து, அதன் மேல் பட்டை அடித்து, உள்ளே வெற்றிடமாக விட்டு, வெளியே மட்டும் சாந்து பூசுவார்கள். பார்ப்பதற்கு ஒரு முழம் கனமான பட்டை. உண்மையில் ஓர் ஓடு.

வார்ப்பும் அச்சும்

நேர்க்கோடுகளைக் குதிரை தந்துவிடும். இலை, பூ, பழம், தேவதை முகம் இவற்றை அது தராது. அவற்றைத் தனியாக மேசையில் வார்த்து, பிறகு மேலே ஒட்டுவார்கள். கார்னிஸை இழுக்கும்போதே இதற்கென்று வெற்றுப் பள்ளங்களை விட்டுவிடுவது வழக்கம். முட்டையும் அம்பு முனையும் மாறி மாறி வரும் வரிசை, சிறு பற்கள் போன்ற கட்டைகளின் வரிசை, அகாந்தஸ் என்ற செடியின் சுருண்ட இலை ஆகியவை கிரேக்க, ரோமானியக் கட்டடங்களிலிருந்து வந்தவை. அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு எத்தனை முட்டை பிடிக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். மூலையில் பாதி முட்டை வந்து நின்றால் அது வேலையே இல்லை.

வார்ப்புக்கு ஏற்ற பொருள் ஜிப்சம். பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் நிறைய வெட்டி எடுத்ததால்தான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்ற பெயர் வந்தது. ஜிப்சக் கல்லைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் வாட்டினால், அதில் கட்டுண்டிருக்கும் நீரில் முக்கால் பங்கு போய்விடும். அந்தப் பொடியில் மறுபடி தண்ணீர் ஊற்றினால், போன நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு சில நிமிடங்களில் கல்லாகிவிடும். இறுகும்போது மிகக் கொஞ்சமாக விரியவும் செய்யும். சுருங்காமல் விரிவதால் அச்சின் நுண்ணிய கோடுகளுக்குள்ளும் போய் நிறைந்துவிடுகிறது. இலையின் நரம்புகூடத் தெளிவாக விழுவது அதனால்தான்.

அச்சில் ஒரு சிக்கல் இருந்தது. மெழுகிலோ மரத்திலோ செய்த அச்சு வளையாது. இலை நுனி உள்பக்கமாகச் சுருண்டிருந்தால், இறுகிய வார்ப்பு அச்சுக்குள் மாட்டிக்கொள்ளும். பல துண்டாகப் பிரியும் அச்சு செய்யலாம், அதற்குச் செலவும் நேரமும் அதிகம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெலட்டின் அச்சு பரவியது. விலங்குப் பசையைக் காய்ச்சி, மாதிரி உருவத்தின் மேல் ஊற்றி, குளிர்ந்ததும் ஜெல்லி போல உரித்து எடுப்பார்கள். வளையும் என்பதால், சுருண்ட இலையையும் நோகாமல் விடுவித்துவிடலாம். ஜிப்சம் இறுகும்போது சூடாகும், அந்தச் சூட்டில் ஜெலட்டின் கொஞ்சம் கொஞ்சமாக உருகி விளிம்பு மழுங்கும். சில வார்ப்புகள் எடுத்ததும் அச்சைக் காய்ச்சிப் புதிதாக ஊற்றிக்கொள்வார்கள். விக்டோரியா காலத்து விதானங்களில் பூக்கள் ஏன் அவ்வளவு ஆழமாக, சுவரை விட்டு வெளியே வந்து நிற்பது போல இருக்கின்றன என்று கேட்டால், பாதிப் பதில் இந்தப் பசைதான்.

கித்தானும் கூழும்

1856-இல் லியோனார் அலெக்சாந்தர் தெசாஷி என்ற பிரெஞ்சு உருவக் கலைஞர் லண்டனில் ஒரு காப்புரிமை வாங்கினார். பட்டறை மேசையில் அச்சுக்குள் முதலில் மெல்லிய ஜிப்சக் கரைசலைப் பூச வேண்டும். அதன் மேல் சணல் கித்தானை அழுத்தி, ஓரங்களில் மரப்பட்டை வைத்து, மறுபடி ஜிப்சம் பூச வேண்டும். அரை அங்குலம்கூடக் கனமில்லாத, ஆனால் பல அடி நீளமுள்ள பலகைகள் கிடைக்கும். வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கட்டடத்தில் மேலே பொருத்தி, இணைப்புகளை மட்டும் பூசி மறைத்தால் போதும்.

சுண்ணாம்புக்காக வாரக்கணக்கில் காத்திருந்த வேலை நாள்கணக்கில் முடிந்தது. எடையும் வெகுவாகக் குறைந்தது. புதிது புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த நாடக அரங்குகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வேறென்ன வேண்டும்? வளைந்த மாடி முகப்புகள், கவிகைகள், தூண் தலைப்புகள் என்று எல்லாம் பட்டறையிலிருந்து வந்து இறங்கின. இன்று நம் ஊரில் பி.ஓ.பி. சீலிங் போடும்போது நாரை ஜிப்சத்தில் நனைத்து வைத்துக் கட்டுகிறார்களே, அதே குடும்பத்து வேலைதான் அது.

காகிதக்கூழ் இதற்கும் முன்பே வந்துவிட்டது. சார்லஸ் பீலஃபெல்ட் என்பவரின் லண்டன் நிறுவனம் கூழில் அச்சடித்த பூக்களையும் பட்டைகளையும் விலைப்பட்டியல் புத்தகம் போட்டு விற்றது. பக்கத்தைப் புரட்டி, வேண்டிய எண்ணைச் சொன்னால் வீட்டுக்கு வரும். பிரபுக்களின் மாளிகையில் மட்டும் இருந்த அலங்காரம் வணிகர்களின் வரவேற்பறைக்கும் வந்தது இப்படித்தான். 1877-இல் பிரெடரிக் வால்டன் லின்க்ரஸ்டா என்ற புடைப்பு ஒட்டுத்தாளைக் கொண்டுவந்தார். லினோலியம் என்ற தரை விரிப்பைக் கண்டுபிடித்தவரும் அவரே. 1887-இல் அனாக்லிப்டா வந்தது. அது இன்னும் மலிவு, கூழில் செய்தது. கொத்தனாரே இல்லாமல், பசை தடவி ஒட்டினால் பூவேலை விதானம் தயார். அமெரிக்காவில் இதே தேவைக்கு அச்சடித்த தகரத் தகடுகள் வந்தன. காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகள் சிலவற்றில் அண்ணாந்து பார்த்தால் பூவேலைத் தகடு தெரியும்; பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்த சரக்கு அது.

எல்லா ஆடம்பர விதானமும் சாந்தோ கூழோ என்று நினைத்துவிட வேண்டாம். 1847-இல் திறந்த லண்டன் பிரபுக்கள் சபையின் விதானம் மரம். அதன் மேல் வண்ணமும் தங்கமும்.

நடுவில் ஏன் ஒரு பூ?

பழைய பங்களா அறையின் நடுவில் பெரிய வட்டப் பூ ஒன்று இருக்கும், அதன் மையத்திலிருந்து சரவிளக்கு தொங்கும். பூதான் விளக்கைத் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கொக்கி அந்தப் பூவைத் துளைத்துக்கொண்டு மேலே உத்தரத்தில் மாட்டியிருக்கும். பூ தன் எடையை மட்டும் தாங்குகிறது.

எரிவாயு விளக்கு வந்த பிறகு அதற்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. விளக்குக்கான குழாய் அங்கேதான் கீழே இறங்கும். எரியும் வாயு சூட்டையும் கரியையும் மேலே தள்ளும். அதனால் சில பூக்களின் இலை இடுக்குகளில், கண்ணுக்குப் படாதபடி, துளைகள் வைத்தார்கள். புகை அதன் வழியே போய்க் குழாய் வழியாக வெளியேறும். அவ்வளவு செய்தும் விதானம் கறுத்தது. அன்றைய டிஸ்டெம்பர் பூச்சைத் தண்ணீரில் கழுவி எடுத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். பின்னால் வந்தவர்கள் கழுவாமல் பெயிண்ட் மேல் பெயிண்ட்டாக அடித்தார்கள். இன்று பல பழைய விதானங்களில் இலையின் நரம்பெல்லாம் மூழ்கி, பூக்கள் மாவில் பிடித்த உருண்டை மாதிரி நிற்பதைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அன்று செய்தவரின் கை அதற்குள் புதைந்து கிடக்கிறது.

லாகூரிலிருந்து போன கை

இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில் விக்டோரியா மகாராணியின் ஆஸ்போர்ன் மாளிகை இருக்கிறது. 1890-களின் தொடக்கத்தில் அங்கே தர்பார் அறை என்று ஒன்றைக் கட்டினார்கள். அலங்காரத்தை வடிவமைத்தவர் பாய் ராம் சிங். பஞ்சாபில் தச்சுக் குடும்பத்தில் பிறந்து, லாகூர் மேயோ கலைப்பள்ளியில் படித்தவர். பள்ளியின் தலைவர் லாக்வுட் கிப்ளிங் அவரோடு சேர்ந்து திட்டமிட்டார். ராம் சிங் இங்கிலாந்துக்கே போய்த் தங்கி வேலையைப் பார்த்தார். வார்ப்பு வேலையைச் செய்தது லண்டனின் ஜாக்சன் நிறுவனம்.

அந்த விதானம் ஆழமான கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். கட்டத்துக்குள் கட்டம், விளிம்பெங்கும் வலைப்பின்னல். கண் அதை மரச்செதுக்கு என்றே படிக்கும், ஆனால் அது சாந்தும் கூழும். மரத்தில் உளி பிடித்துப் பழகிய ஒருவர் யோசித்த வடிவம், அச்சில் வார்க்கும் ஒரு நகரத்துப் பட்டறை வழியாக வெளியே வந்திருக்கிறது. நூற்றாண்டின் கடைசியில் இந்த விதானக் கலை எங்கே வந்து நின்றது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

தொங்குவது அறுந்தால்

2013 டிசம்பர் 19 அன்று இரவு, லண்டன் ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவில் உள்ள அப்பல்லோ அரங்கில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது விதானத்தின் ஒரு பகுதி இடிந்து பார்வையாளர்கள் மேல் விழுந்தது. 70-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நல்லவேளை, உயிர் போகவில்லை. அரங்கு 1901-இல் கட்டியது. விதானம் தெசாஷி வழியில் வந்த கித்தான் ஜிப்சம்.

அப்படிப்பட்ட பலகைகளை மேலே உத்தரத்தோடு இணைப்பதற்குச் சணல் கித்தான் துண்டுகளை ஜிப்சத்தில் முக்கி, உத்தரத்தையும் பலகையின் பட்டையையும் சேர்த்துச் சுற்றிவிடுவார்கள். இறுகியதும் அது ஒரு கட்டு. நூறு வருடங்களுக்கும் மேலாக எடையைத் தாங்கிய அந்தச் சணல் நைந்து வலுவிழந்துவிட்டது. ஒரு கட்டு விட்டதும் அதன் சுமை பக்கத்துக் கட்டுக்குப் போகும், அதுவும் பழசு. கீழே இருந்து பார்த்தால் தங்கப் பூச்சு அப்படியே மின்னிக்கொண்டிருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பழைய அரங்குகளில் விதானத்தின் முதுகைப் பார்ப்பது வழக்கமாகியிருக்கிறது. டார்ச்சோடு மேலே ஏறி, நடைபலகையில் தவழ்ந்து, ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்க்கிறார்கள். நைந்ததற்குப் பக்கத்தில் புதுக் கட்டுப் போடுகிறார்கள், சில இடங்களில் எஃகுக் கம்பியும் சேர்க்கிறார்கள்.

ஒரு பழைய மாளிகைக்குள் நுழைய உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால், முதலில் நடுப் பூவைப் பார்க்காதீர்கள். அறையின் மூலைக்குப் போய் கார்னிஸின் கோடுகள் சேருமிடத்தைப் பாருங்கள். பிறகு ஒரே மாதிரியான இரண்டு இலைகளைத் தேடி, இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றா, கையால் செதுக்கியதா என்று ஒப்பிடுங்கள். அப்புறம் பரப்பில் நேராக ஓடும் மெல்லிய கோடு தெரிகிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். தெரிந்தால் அது பலகைகளின் இணைப்பு. வளைந்து நெளியும் விரிசல் என்றால், மேலே மரப்பட்டையும் சாந்தும் இருக்கலாம். விதானம் எங்காவது கொஞ்சம் தொய்ந்திருந்தால், அந்த இடத்துக்கு நேர் கீழே நிற்காமல், வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.